ஹேவ்லாக்கா, நீலா? இருவர் ஓய்வெடுக்க ஏற்ற தீவு எது?

சென்னையில் ஒரு வீடு. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடியப்போகிறது. மகனுக்கு வெளியூரில் வேலை. மகள் கல்லூரி விடுதியில். இருவர் மட்டும் எங்காவது போய் நாலு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று கணவருக்கு ஆசை. டிராவல்ஸில் வாங்கி வந்த அந்தமான் பேக்கேஜ் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரிக்கிறார். ஐந்து இரவு, ஆறு பகல், பதினேழு இடங்கள்.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படிக்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்.

"எல்லாம் சரிங்க. இதுல நாம எப்ப உட்காருவோம்?"

தீவுப் பயணம் திட்டமிடும் பலரும் கேட்க மறக்கிற கேள்வி இது. கடற்கரையில் ஓய்வெடுக்கத்தான் போகிறார்கள். ஆனால், பாதி நாள் படகுத்துறையில் பெட்டியோடு வரிசையில் நிற்பதிலேயே போய்விடுகிறது. எந்தத் தீவு அழகு என்று பார்ப்பதற்கு முன், எந்தத் தீவு தங்கள் நேரத்தைக் குறைவாகத் தின்னும் என்று பார்ப்பது நல்லது.

மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான்

நம் ஊர்க்காரர்களின் பட்டியலில் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் இருக்கும்.

மாலத்தீவில் ஒரு தீவு முழுவதும் ஒரே ரிசார்ட் என்பதுதான் வழக்கம். அறைக் கதவைத் திறந்தால் கடல். தனிமைக்கு அதை மிஞ்ச முடியாது. இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் இலவச விசா கிடைக்கும். ஆனால், விளம்பரத்தில் வரும் அறை வாடகை மட்டுமே செலவு அல்ல. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போகும் ஸ்பீடு போட் அல்லது கடல் விமானக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் பெரும்பாலும் தனி. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் ஓர் இரவை மாலேயில் கழிக்க வேண்டியிருக்கும். மாஃபுஷி போல மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் உண்டு. செலவு வெகுவாகக் குறையும். அங்கே உடை விஷயத்தில் உள்ளூர் வழக்கத்தை மதித்து நடக்க வேண்டும்.

லட்சத்தீவின் பலம் அதன் நீர். பவளத்திட்டு அரணாக நின்று அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் குளம்போல அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்களும் இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கலாம். ஆனால், நம் நாட்டவர்களே அனுமதிச் சீட்டு வாங்கித்தான் நுழைய முடியும். கொச்சி போய், அங்கிருந்து அகத்திக்கு விமானம் அல்லது கப்பல் பிடிக்க வேண்டும். தங்கும் இடங்களும் குறைவு. சில மாதங்களுக்கு முன்பே திட்டமிட முடிந்தவர்களுக்கு ஏற்றது.

அந்தமானில் இந்தச் சிரமங்கள் குறைவு. சென்னையிலிருந்து நேரடி விமானம். இரண்டேகால் மணி நேரம் சுமாருக்குள் போர்ட் பிளேர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம் இதுதான். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு இந்தியர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. அடையாள அட்டை போதும். போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. இட்லியும் தோசையும் தேடி அலைய வேண்டியதில்லை. முருகன் கோயிலும் இருக்கிறது.

எனவே, முதல் முறை தீவுக்குப் போகும் தம்பதிக்கு அந்தமான் சரி. அடுத்த கேள்வி, ஹேவ்லாக்கா, நீலா என்பது.

ஹேவ்லாக்: ஒரே ஒரு கடற்கரைக்காக

2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்கு சுவராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷாகீத் தீவு என்றும் பெயர் சூட்டப்பட்டது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர்கள் இவை. ஆனாலும், பேச்சு வழக்கில் பழைய பெயர்களே இன்னும் புழங்குகின்றன.

ஹேவ்லாக்கின் பெருமை ராதாநகர் கடற்கரை. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004-ல் 'டைம்' இதழ் பாராட்டியது. 2020-ல் 'நீலக்கொடி' சான்றிதழும் கிடைத்தது. பின்னால் உயர்ந்த மரங்கள் அடர்ந்த காடு. முன்னால் மாவு போன்ற வெள்ளை மணல். மேற்குப் பார்த்த கடல். அங்கே சூரியன் மறைவதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஆனால், ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஹேவ்லாக்கில் பெரும்பாலான விடுதிகள் இருப்பது கிழக்குக் கரையில்; ராதாநகர் இருப்பது மேற்குக் கரையில். ஆட்டோவிலோ, வாடகை ஸ்கூட்டரிலோ போய்வர வேண்டும். 'கடலைப் பார்த்த அறை' என்று கிழக்குக் கரையில் எடுத்தால், சூரிய உதயம் அறை வாசலிலேயே கிடைக்கும். ஆனால், கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் தெரியும். அப்போது நீந்த முடியாது. காலையில் நீலமாகக் கிடந்த கடலை மத்தியானம் காணோமே என்று திகைப்பவர்கள் உண்டு.

எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் போய் ஸ்நார்கலிங் செய்யலாம். கண்ணாடி அணிந்து தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே மீன் கூட்டம் தெரியும். ஸ்கூபா பயிற்சிக்கும் ஹேவ்லாக்தான் வசதி. நிலா இல்லாத இரவுகளில், துடுப்பு பட்டதும் நீலமாக ஒளிரும் கடல்நீரைப் பார்க்கக் கயாக் படகில் அழைத்துப் போகிறார்கள். அதற்காகவே அமாவாசையை ஒட்டித் தேதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். கழிமுகங்களிலும், அலையாத்திக் காடுகளை ஒட்டிய நீரிலும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும் இறங்கவே கூடாது. உயிர்காப்பாளர்கள் இருக்கும் பகுதியில், அவர்கள் காட்டும் எல்லைக்குள் குளிப்பதுதான் பாதுகாப்பு.

நீல்: ஒன்றுமே செய்யாமல் இருக்க

நீல் சின்னத் தீவு. சைக்கிளில் சில மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்களின் ஊர் இது. சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ஊர்ப் பெயர்களிலேயே பாதி ராமாயணம் இருக்கிறது. அந்தமானின் காய்கறித் தோட்டம் என்றும் நீலைச் சொல்வார்கள். சாலையின் இருபுறமும் வயலும் வாழையும் பாக்கும். கிராமத்துக்கு வந்ததுபோல இருக்கும்.

காலையில் சீதாபூரில் சூரிய உதயம். பகலில் பரத்பூரில் ஆழமில்லாத, தெளிந்த தண்ணீர். கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளங்களைப் பார்க்கலாம். மாலையில் லட்சுமண்பூரில் அஸ்தமனம். லட்சுமண்பூரின் இன்னொரு பகுதியில் இயற்கையாக உருவான கல் வளைவு ஒன்று இருக்கிறது. அதைக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டும் கடல் அட்டையும் குட்டி மீன்களும் கண்ணில் படும். வழி வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கரையிலிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது.

நீலில் குறைகளும் உண்டு. விடுதிகளும் உணவகங்களும் குறைவு. கரையோரத்தில் பல இடங்களில் காலடியில் பவளப்பாறை குத்தும். ராதாநகர்போல ஓடிப்போய் அலையில் விழ முடியாது. மருத்துவ வசதி அடிப்படை அளவில்தான். பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நான்கு நாள் கூடுதலாகவே எடுத்துப் போக வேண்டும். கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

எப்போது போவது?

பள்ளி விடுமுறை என்பதால் நம் ஊர்க் குடும்பங்கள் மே மாதத்தில் கிளம்புவது வழக்கம். கேரளாவுக்கு முன்பே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இடம் அந்தமான். மே மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது படகுகள்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வங்கக்கடலில் புயல் பயம் உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத தம்பதிக்குப் பொங்கல் முடிந்து மார்ச் வரை அருமையான காலம். புத்தாண்டுக் கூட்டமும் அப்போது வடிந்திருக்கும்.

இன்னொன்று: அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம் ஊர் நேரத்தையே காட்டுகிறது. ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி, ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் அஸ்தமனம் போய்விடும். அதிகாலையில் எழுந்து இரவு சீக்கிரம் படுப்பவர்களுக்குத்தான் இந்தத் தீவுகள் முழுதாகக் கிடைக்கும்.

படகும் விமானமும்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கோ, நீலுக்கோ தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுப் படகு மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு. வாந்தி வரும் உடம்புக்காரர்கள் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

மறக்கக் கூடாத விதி ஒன்று: தீவிலிருந்து திரும்பும் அன்றே ஊருக்கு விமானம் போடக் கூடாது. படகு ரத்தானால் விமான டிக்கெட் பணமும் போகும், நிம்மதியும் போகும். கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

திரும்பும்போது கரையில் கிடக்கும் பவளத்துண்டை 'நினைவாக இருக்கட்டும்' என்று பையில் போடுபவர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். 2010-ல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்துப்போயின. மிச்சமிருப்பதை மிதிக்காமல், தொடாமல் வந்தாலே பெரிய உதவி.

முடிவு என்ன?

புகழ்பெற்ற ஒரு கடற்கரை, ஸ்கூபா, விதவிதமான விடுதிகள் வேண்டுமென்றால் ஹேவ்லாக். சைக்கிள், வயல்வெளி, மாலையில் பேச்சுத்துணை போதுமென்றால் நீல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று இரவு ஒரே அறையில் தங்குவது நல்லது. இரண்டையும் இரண்டு இரண்டு நாளில் பார்க்க நினைத்தால் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதுதான் மிஞ்சும்.

சென்னை வீட்டில் பேனா எடுத்தவர் மனைவிதான். முதல் நாள் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை. அது கணவரின் நெடுநாள் ஆசை என்பதால் அடிக்கவில்லை. அடுத்த மூன்று இரவு நீலில். ஐந்தாம் நாள் திரும்பி வந்து போர்ட் பிளேரில் தங்கல். ஆறாம் நாள் விமானம்.

"ராதாநகர் பார்க்காம வர்றதா?" என்று கணவர் கேட்கிறார். "அதுக்கு இன்னொரு தடவை போவோம்" என்கிறார் அவர்.

பதினேழு இடங்களில் மிஞ்சியது நான்கு. மூன்றாம் நாள் கட்டத்தில் அச்சடித்திருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மேலே அவர் எழுதியது ஒரே வார்த்தை: 'சும்மா.'