இரைச்சல் எனப்படுவது

1967இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு வயல்வெளியில், கம்பங்களும் கம்பிகளுமாக நின்ற வானொலித் தொலைநோக்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் காகிதத்தில் கோடு கிழித்துத் தள்ளியது. அதைக் கண்ணால் அலசியவர் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல். ஓரிடத்தில் சின்னதாக ஒரு கிறுக்கல். நெறியாளர் அதை மனிதர்கள் உண்டாக்கிய குறுக்கீடு என்றே முதலில் நினைத்தார். பெல் விடவில்லை. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. வேற்றுலகத்தார் அனுப்புவதோ என்று பாதி வேடிக்கையாக ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது பல்சார் எனும் விண்மீன் வகை. அந்தக் கண்டுபிடிப்பு அவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றது. 1974இல் நோபல் பரிசு நெறியாளர் ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. செய்தியாளர்கள் நெறியாளரிடம் வானியல் கேட்டார்கள். பெல்லிடம் காதலர்களைப் பற்றிக் கேட்டார்கள்.

வேற்றுலக அறிவைத் தேடுகிறவர்கள் இன்று அந்த அலசலை இயந்திரக் கற்றலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி 820 விண்மீன்களை 480 மணி நேரத்துக்கு மேல் கவனித்த பதிவுகளில் இயந்திரம் தேடியது. 2023இல் முடிவு வெளியானது: முன்பு கண்ணில் படாத 8 சமிக்ஞைகள். மீண்டும் அதே திசைகளில் பார்த்தபோது எதுவும் கேட்கவில்லை.

இதன் முறை என்னை ஈர்த்தது. தொலைநோக்கி ஐந்து நிமிடம் விண்மீனைப் பார்க்கும்; ஐந்து நிமிடம் வேறு பக்கம் திரும்பும். இப்படி மூன்று முறை. திரும்பியபோதும் கேட்டால் அது நம் கைப்பேசி, நம் செயற்கைக்கோள். விண்மீனைப் பார்க்கும்போது மட்டும் கேட்டால் கவனிக்க வேண்டியது. யாரும் இதுவரை கேட்டிராத குரலை இயந்திரத்துக்கு எப்படிக் கற்பிப்பது? போலிச் சமிக்ஞைகளைச் செய்து, உண்மையான பதிவுகளுக்குள் கலந்து கற்பிக்கிறார்கள். ஆக, குரல் எப்படி இருக்கும் என்று நாம் முன்பே கற்பனை செய்தாக வேண்டும். அந்தக் கற்பனைக்கு வெளியே ஒருவர் பேசினால் இயந்திரம் அவரைக் கடந்து போய்விடக்கூடும்.

இங்கே எனக்கு விண்வெளி மறந்துவிடுகிறது. என் முதல் தொகுப்பு வந்த சமயம், ஒரு கூட்டத்தில் மூத்த விமர்சகர் ஒருவர் பெண்கள் எழுதும் உடல்மொழிக் கவிதைகளை ‘கூச்சல்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த நூலுக்குப் போனார். அவர் காதுக்குக் கவிதை எப்படி ஒலிக்கும் என்று யாரோ முன்பே பயிற்றுவித்திருந்தார்கள். அவரைப் பயிற்றுவித்த பாடத்திட்டத்தைத்தான் நானும் படித்தேன், இப்போது நடத்துகிறேன்.

எல்லா இரைச்சலும் குரலாகிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் புதிராக இருந்த சில துடிப்புகளின் ஊற்றை 2015இல் எமிலி பெட்ரோஃப் என்ற ஆய்வு மாணவியின் தலைமையிலான குழு கண்டுபிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரப்பட்டுத் திறந்ததால் வந்தவை அவை. அதே தொலைநோக்கி 2019இல், நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியை நோக்கியிருந்தபோது ஒரு சமிக்ஞையைப் பதிந்தது. சோஃபியா ஷேக் தலைமையில் அதை ஆராய்ந்து, அதே சாயலுள்ள வேறு பல சமிக்ஞைகளைப் பதிவுகளில் தேடியெடுத்து, எல்லாம் பூமியின் குறுக்கீடே என்று 2021இல் நிறுவினார்கள்.

இந்தப் பெண்கள் தாங்கள் விரும்பியதையே கேட்டுவிடவில்லை. இரைச்சல் என்று சொல்வதற்கும் சான்று தேடினார்கள். ஓர் அடுப்புக் கதவுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையை ஒரு கவிதைத் தொகுப்புக்கும் கேட்கிறேன்: மூன்று முறை திரும்பிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.