இருபத்திரண்டாவது அதிரசம்

தீபாவளி வருகிறது என்று சொல்ல இப்போதெல்லாம் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மிட்டாய்க் கடை வாசலில் அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டால் போதும், இன்னும் பத்து நாள்தான் என்று தெரிந்துகொள்ளலாம். பெட்டி வந்த வீட்டிலிருந்து பதிலுக்கு ஒரு பெட்டி போகிறது. வந்த பெட்டியே ரிப்பன் அவிழாமல் மூன்றாவது வீட்டுக்குப் பயணம் புறப்படுவதும் உண்டு. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம்தான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

கடைப் பட்சணத்தைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. ஜாங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்து மாவைத் துணியில் கட்டி, கொதிக்கும் நெய்யின் மேல் வளையம் வளையமாகப் பிழிவது ஆயுசு முழுவதும் அதையே செய்கிறவர்களுக்குத்தான் கை வரும். அதை வீட்டில் செய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பானேன்? ஓடிப்போய் வாங்கி வரலாம், வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் அதிரசம் அப்படியல்ல. அதுவும் கடையில் கிடைக்கத்தான் கிடைக்கிறது. இருந்தாலும் ஒரு கடித்துவிட்டு, "இது எங்கள் வீட்டு அதிரசம் மாதிரி இல்லை" என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது நமக்கு மட்டும் சொந்தமான பட்சணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திரத்தில் சங்கராந்திக்கு இதையே அரிசெலு என்று செய்கிறார்கள். கன்னடத்தார் கஜ்ஜாயம் என்பார்கள். ஒடிசாவில் அரிசா பிட்டா. மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்கு அனார்சே செய்து, மேலே கசகசா ஒட்டுவார்கள். இமயமலை அடிவாரத்துக் கட்வால் கல்யாணங்களில் அர்சா என்ற பெயரில் கூடை கூடையாகச் சீர் போகிறது. பெயர் மாறினாலும் ஈர அரிசி மாவும் வெல்லப் பாகும் மாறுவதில்லை. அந்தப் பாகின் முன்னால் நின்று கவலைப்படும் பெண்ணும் எல்லா ஊரிலும் ஒருத்திதான் போலும்!

என் பிறந்த வீடு திருநெல்வேலிப் பக்கம். அங்கே எங்களுக்கு முந்திரிக்கொத்துதான் பெரிது. புகுந்த வீடு காஞ்சிபுரத்துக் குடும்பம். அவர்களுக்குத் தீபாவளி என்றால் கேதார கௌரி நோன்பு. பரமேஸ்வரனை நோக்கிக் கௌரி இருந்த விரதம் என்பது கதை. இதில் எதற்கும் கணக்கு 21. வெற்றிலை 21, பாக்கு 21, நோன்புக் கயிற்றில் இழை 21, அதிரசமும் 21. இருபது சுட்டோம், ஒன்று எண்ணெயில் பிரிந்துவிட்டது என்று அம்மனிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஆகவே கல்யாணமான முதல் வருஷமே அத்தையின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அத்தை எதையும் எழுதி வைத்ததில்லை. மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் வெளியூரில் குடித்தனம் வைத்த பெண்களுக்கு அது ஒரு துணையாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் துணை நேரிலேயே இருந்தது. அளவெல்லாம் ஆழாக்குக் கணக்கில் வரும். எட்டு ஆழாக்கு ஒரு படி. நான் கிலோவுக்கு மாற்றி எழுதிக்கொண்டது இது: அரிசி ஒரு கிலோவானால் வெல்லம் முக்கால் கிலோ. நல்ல கையானால் நாற்பது அதிரசத்துக்குக் குறையாது.

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்ப வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அத்தை சொல்லமாட்டார். உள்ளங்கையை அரிசியின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார். கை குளிர வேண்டும். ஆனால் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்தச் சமயத்தில் அரைத்துச் சலித்துவிட வேண்டும். மாவு அநியாயமாகக் காய்ந்துவிட்டால், பாகில் இருக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, அதிரசத்தை வறட்டி போல ஆக்கிவிடும். கடையில் பொட்டலமாக விற்கும் அரிசி மாவில் அதிரசம் வராத ரகசியம் இதுதான்.

இனிமேல்தான் பாகு. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிறோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வெல்லத் தண்ணீர் அந்த இடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரை கெட்டிப்பட்டு, சூடு படிப்படியாக மேலே ஏறுகிறது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும்போது, அது கரையாமல் விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அப்போது சூடு சுமார் 112-லிருந்து 116 வரை இருக்கும் என்கிறார்கள் சாஸ்திரம் படித்தவர்கள். இன்னும் சில நிமிஷம் விட்டுவிட்டால் கிண்ணத்தில் போட்ட உருண்டை டங்கென்று சத்தம் போடும். அது கமர்கட்டுக்கு ஆகும்; அதிரசத்துக்கு ஆகாது.

போன வருஷம் என் மகள் சமையலறைக்கென்று ஒரு சூட்டுமானி வாங்கி வந்தாள். "இனிமே பாட்டியைத் தொந்தரவு பண்ண வேண்டாம்மா" என்றாள். அத்தைக்கு வயது 80. இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. அடுப்படியில் நிற்கக் கால் இடம் கொடுக்கவில்லை. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாகு கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் சலசலவென்று இருந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் தடித்து, பொத்துப் பொத்தென்று வந்தது. "ஆச்சு, கிண்ணத்தைக் கொண்டா" என்றார் அத்தை, இருந்த இடத்திலிருந்தே. சொட்டை விரலில் உருட்டிப் பார்த்து, "இறக்கும்மா" என்றார். சூட்டுமானியில் 115! மகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கருவி பாட்டியோடு ஒத்துப்போயிற்று என்று.

மாவு போதாதென்று மறுநாள் இன்னொரு ஈடு போட்டோம். வெல்லம் வேறு கடையில் வாங்கியது. கொஞ்சம் பழசு, கையில் பிசுபிசுத்தது. சூட்டுமானி 115 காட்டியதும் மகள் அடுப்பை அணைக்கப் போனாள். "இரு கண்ணு, இந்த வெல்லம் நீர்த்தது. இன்னும் ஒரு கொதி விடு" என்றார் அத்தை. 117-ல்தான் உத்தரவு கிடைத்தது. இரண்டு ஈடும் ஒரே பக்குவத்தில் வந்தன. சூட்டுமானிக்குச் சூடு தெரிகிறது, வெல்லம் தெரியவில்லை. இருந்தாலும் அதை நான் தூக்கிப் போடவில்லை. அத்தை ஒரு வார்த்தை சொன்னதும் பக்கத்திலேயே எண்ணையும் குறித்துக்கொள்கிறோம். நாளைக்கு அந்த நாற்காலி காலியாக இருக்கும் ஒரு தீபாவளியும் வரத்தானே போகிறது? அன்றைக்கு என் மகளுக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

நிற்க. பாகை இறக்கி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளற வேண்டும். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, தளர இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி, ஒரு நாளாவது விட்டு வையுங்கள். பாகு மாவுக்குள் ஒரே சீராக இறங்குவதற்கு அந்த அவகாசம் வேண்டும். பிறகு வாழையிலையில் தட்டி, மிதமான எண்ணெயில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அமுக்கி எடுங்கள். எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனால் பாகு இளசு. கொஞ்சம் ஈர மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும். கல்லாக இருந்தால் பாகு முற்றியது; வெந்நீரோ பாலோ தெளித்துப் பிசையுங்கள். ஆக, அழுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவும் சொன்னேனே, இதைத் தட்டி, சுட்டு, அமுக்கி எடுப்பது யார்? நோன்பு நாளில் காலையிலிருந்து பட்டினியாக இருக்கிறவள்தான்! பூஜை முடியச் சாயங்காலம் ஆகிவிடும். அப்புறம் தாம்பூலத்துக்கு வந்த சுமங்கலிகளுக்கு, பிறகு நாத்தனார் வீட்டுக்கு, பிறகு குழந்தைகளுக்கு. கடைசியில் தட்டில் மிஞ்சுவது உடைந்ததும் கருகியதும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருப்பவர் மட்டும் ஒன்றைக் கடித்துவிட்டு, "இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியோ?" என்று அபிப்பிராயம் சொல்லுவார். உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் வெகுகாலம் இப்படித்தான்.

"அதிரசம் மறுநாள்தான் ருசி" என்று ஒரு வசனம் உண்டு, கேட்டிருப்பீர்கள். ஒரு நாள் கழிந்தால் மிருதுவாகிறது என்பது வாஸ்தவம். ஆனால் அந்த வசனத்தை முதலில் சொன்னவள், சூடாக ஒன்று கிடைக்கப்பெறாத ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். போன வருஷம் அது தீர்ந்தது. சுட்டு முடிந்து, தட்டில் 21 எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தையிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"சூடா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். 58 தீபாவளி! எத்தனை ஆயிரம் அதிரசம் அந்தக் கையில் புரண்டிருக்கும்!

சகோதரிகளே, வீட்டுப் பட்சணம் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏழு தினுசு பட்சணம், மூன்று தினுசு காரம் என்று ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, 'அந்தக் காலத்து ருசி' என்று ஏங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டில் இப்போது அதிரசமும் தீபாவளி மருந்தும் மட்டும்தான் செய்கிறோம். மற்றது கடையிலிருந்து வருகிறது. மாவு சலிப்பது மகன் வேலை. கரண்டி வைத்து அமுக்குவது என் கணவர் வேலை. ஆரம்பத்தில் இரண்டைச் சப்பாத்தியாக்கினார், இப்போது தேவலை. அமுக்குகிறவர்களுக்கு அபிப்பிராயம் சொல்ல அவகாசம் கிடைப்பதில்லை என்பது ஓர் உபரி லாபம்.

அன்றைக்கு நோன்பு மாவில் கொஞ்சம் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதிரச மாவு பல நாள் கெடாது. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியில் எடுத்து வைத்தால் போதும். நோன்பு முடிந்த மறுநாள் காலை, விருந்தாளி யாரும் வருவதற்கு முன், அடுப்பைப் பற்ற வைத்தோம். அவர் அமுக்கிக் கொடுத்த முதல் அதிரசத்தை வாழையிலைத் துண்டில் வைத்து அத்தையிடம் நீட்டினேன். "சாமிக்கு?" என்றார். "சாமிக்கு நேற்றே 21 ஆச்சு அத்தை, இது உங்களுக்கு" என்றேன். ஊதி ஊதி, விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிச் சாப்பிட்டார். ஓரம் மொறுமொறுவென்று முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சுக்கு கம்மி" என்றார் அத்தை. பிறகு இலையை மறுபடியும் நீட்டினார்.