அழிக்க முடியாத கோடு

ஓவியக் கல்லூரியில் எங்களுக்கு லைஃப் கிளாஸ் என்றால் மேடையில் ஒரு மாடல், சுற்றிலும் நாங்கள். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தலையை அளப்போம். உடம்பு ஏழரைத் தலை வருகிறதா என்று பார்ப்போம். கோடு சரியில்லையா, அதன் மேலேயே இன்னொன்று. அதுவும் பிடிக்கவில்லையா, மேலும் ஒன்று. சரியான கோடு அந்தக் கும்பலுக்குள் எங்கேயோ இருக்கும்.

காளஹஸ்தியில் கலம்காரித் துணி ஓவியம் போடுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் செல்லாது. காரணம் துணியிலேயே இருக்கிறது. காடாத்துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் பார்த்துக்கொள்கிறது. கறுப்பு மை என்பது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிய தண்ணீர். கலம் என்ற எழுதுகோலிலிருந்து இறங்கும்போது வெளிறித்தான் இருக்கும். துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கண்ணெதிரே கறுத்துவிடும். அதற்குப் பிறகு துவைத்தாலும் போகாது. துணியைப் பொன்முகலி ஆற்றில் அலசுவது வழக்கம், தண்ணீர் ஓடுகிற காலத்தில்.

நான் போன பட்டறை ஒரு வீட்டின் முன்கூடம். பெரியவருக்கு வேலூர்ப் பக்கம் சம்பந்தம், தமிழ் தாராளமாக வந்தது. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் ஒரு பையன் கண்ணப்ப நாயனாரை வரைந்துகொண்டிருந்தான். கரிக்கோட்டைத் தட்டினால் போய்விடும். யோசிப்பதெல்லாம் அதோடு முடிய வேண்டும். மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றிய கலத்தைப் பெரியவர் மையில் தோய்த்தார். பஞ்சைப் பிழிவதுபோல அந்தச் சுற்றை விரலால் மெல்ல அழுத்த, மை நுனிக்கு இறங்கியது. தோளில் தொடங்கி முழங்கை வளைவு வரை கையை எடுக்கவே இல்லை.

"மாடல் யாரும் கிடையாதா ஐயா?"

"எதுக்கு தம்பி? அளவு இருக்குதே."

அந்த அளவைத் திருப்பதியில் விரிவாகப் பார்த்தேன். தேவஸ்தானம் நடத்தும் சிற்பக் கல்லூரியில் கல், சுதை, உலோகம், மரம், ஓவியம், கலம்காரி எல்லாமே பாடம். எதற்கும் அடிப்படை தாலம் என்ற அளவுமுறை. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம்: மொத்த உயரம் 124 அங்குலம். இது ஸ்கேல் அங்குலம் அல்ல, உருவத்தின் உயரத்தையே பங்கு போட்டது. முகம் 13½. கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து தொடை தொடங்கும் இடம், ஒவ்வொன்றும் அதே 13½. தொடை 27, கணைக்காலும் 27. மீதி உச்சி, கழுத்து, முழங்கால், பாதத்துக்குத் தலா 4.

தசதாலம் என்றதும் பத்துத் தலை உயரம், நடைமுறைக்கு ஒவ்வாத உடம்பு என்று எங்கள் வகுப்பில் கேலி பேசுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. தாலம் அளப்பது முகத்தை, மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரை. உச்சியின் 4 அங்குலத்தையும் சேர்த்தால் தலை 17½. அதைக் கொண்டு 124-ஐ வகுத்தால் ஏழு தலைக்குச் சற்று மேலே நிற்கிறது. எங்கள் ஏழரைக்கு வெகு தூரமில்லை. ஸ்தபதிகள் உருவத்தின் நடுவே விடும் பிரம்ம சூத்திரமும் நாங்கள் மாடலின் தொண்டைக் குழியிலிருந்து மனசுக்குள் தொங்கவிடும் தூக்குநூலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவர்கள் கோடு போடும் முன்பே தீர்மானிக்கிறார்கள். நாங்கள் போட்டுக்கொண்டே தேடுகிறோம். தேடுவதில் தப்பில்லை, ஆனால் தேடலைச் சாக்கு வைத்துத் தீர்மானத்தைத் தள்ளிப்போட எங்களுக்கு நன்றாகவே வருகிறது.

அளவு மட்டும் போதுமா என்றால், போதாது. மறுபடி காளஹஸ்தி போனபோது கண்ணப்பன் தகராறு செய்துகொண்டிருந்தான். ஒரு கால் தரையில், மறு கால் லிங்கத்தின் மேல், கையில் அம்பு. அங்கங்களெல்லாம் அளவாக இருந்தும் ஆள் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி இருந்தது. பெரியவர் தெலுங்கில் ஓர் அதட்டல் போட்டார். பையன் எழுந்து, கவிழ்த்த வாளியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தான். அவர் அவன் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து நேராகக் கீழே இழுத்தார். விரல் ஊன்றிய குதிகாலில் வந்து நின்றது. துணியில் இருந்த கரிக்கோட்டைத் தட்டிவிட்டு இடுப்பை இரண்டு விரற்கடை முன்னே தள்ளச் சொன்னார்.

"மாடல் இல்லைன்னீங்களே?"

"இவன் எங்க வீட்டுப் பையன் தம்பி, மாடலா?"

கூடத்தின் மறுபுறம் பெண்கள் நிறம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் முதலில் படிகார நீர். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ. உருவம் எழுதவும் தெரியும் என்றார் ஒரு அக்கா, ஆனால் கேட்டு வருவது சேலையும் துப்பட்டாவும்தானாம். ஸ்கிரீன் பிரிண்டில் இதே டிசைனை மலிவாக அடித்துத் தள்ளுகிறார்களாம். கண்ணப்பன் பெங்களூரில் ஒரு ஓட்டல் வரவேற்பறைக்குப் போகிறான். அதற்கடுத்துக் காத்திருந்தது துப்பட்டா ஆர்டர், அத்தனையும் மயில்.