வாவியில் ஒரு நாளும் வழிகாட்டியின் கூலியும்

ஃபிக்ஹ் நூல்களில் 'இஜாரா' என்றொரு பாடம் உண்டு. மதரஸாவில் அதை ஓதும்போது வீட்டு வாடகையும் கடை வாடகையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அப்பாடத்தின் பெரும்பகுதி மனித உழைப்பைப் பற்றியது. கொத்தனார், தேங்காய் பறிப்பவர், முச்சக்கர வண்டி ஓட்டுநர் என்று வாரத்தில் எத்தனையோ பேரின் நேரத்தை நாம் விலைக்கு வாங்குகிறோம். ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் மறுமையில் கணக்கு உண்டு. இந்த ஜூலை மாதத்தில் மட்டக்களப்பு வாவியில் தூண்டில் போடுவதற்காக ஒரு மீனவரை ஒரு நாளைக்கு அமர்த்தியபோது, அப்பாடம் முழுவதும் கண்முன் விரிந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணுகிறேன்.

கத்தாரில் தொழில் செய்யும் என் மச்சான் விடுமுறையில் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. தூண்டிலில் கொடுவா பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. "மாமா, எப்ப போவோம்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். நான் காத்தான்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையில்தான் எங்கள் ஊர். இருந்தும் மீன் எங்கே நிற்கும், எந்த நேரத்தில் இரை எடுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமானது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் நீர்ப்பரப்பு. அதிலேயே வாழ்பவனுக்கோ அடியிலுள்ள மேடும் பள்ளமும் கண்டற் காடும் தன் வீட்டு முற்றத்தைப் போலத் தெரியும். ஆகவே அறிந்த ஒருவரைத் தேடினோம்.

கிடைத்தவர் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெரியவர். அறுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாவியில் தொழில் செய்பவர். நான் அவரை 'அண்ணன்' என்றழைத்தேன். அவர் என்னைத் 'தம்பி' என்றார். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திரும்புவது, தோணியும் தூண்டிலும் இரையும் அவருடையவை, கூலி 8,000 ரூபாய் என்று அவர் சொன்னார்.

மச்சான் ஒரு மாற்றம் கேட்டார். "மீன் பட்டால் முழுக் காசு. ஒன்றும் படாவிட்டால் பாதி. சரிதானே?"

அண்ணன் சிரித்தார். "மீன் என்னுடையது இல்லைத் தம்பி. இல்லாத சாமானை நான் எப்படி விற்கிறது? என்ட ஒரு நாளைத்தான் நான் உங்களுக்குத் தாறேன்."

எனக்கு வியப்பாக இருந்தது. நம் அறிஞர்கள் பல பக்கங்களில் விளக்கியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நீருக்குள் நிற்கும் மீனை விற்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் 'கரர்' என்பதற்கு உதாரணமாகக் கூறுவார்கள். விற்பவனின் கையில் பொருள் இல்லை, அளவும் தெரியாது, ஒப்படைக்கவும் இயலாது. அத்தகைய விற்பனை கூடாது. ஆனால் ஒரு மனிதனின் உழைப்பையும் அறிவையும் குறித்த நேரத்துக்கு, குறித்த கூலிக்குப் பெறுவது தெளிவான இஜாரா. காலம் தெரியும், வேலை தெரியும், கூலி தெரியும். விளைவை மட்டும் யாரும் அறியார். விளைவு றிஸ்க், அது அல்லாஹ்வின் கையில் உள்ளது. இதை மச்சானுக்கு விளக்கினேன். அவர் நியாயமானவர். ஏற்றுக்கொண்டார். கூலி முன்கூட்டியே முடிவாயிற்று.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவர் வேறொன்றைக் கேட்டார். "நம்மட ஆள் ஒருவரைப் பிடித்திருக்கலாமே? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படுவான்கரைப் பக்கம் போகப் போகிறோம்."

இந்தக் கேள்வியை வெளியூர் வாசகர்கள் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடும். எங்களால் அப்படிக் கடக்க முடியாது. சூரியன் எழும் பக்கமுள்ள கரை எழுவான்கரை; படும் பக்கமுள்ளது படுவான்கரை. நடுவில் வாவி. ஒரு காலத்தில் அது இரு கரைகளையும் இணைத்தது. போர்க்காலத்தில் அதுவே எல்லைக் கோடாயிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் படுவான்கரையில் இருந்த தங்கள் வயல்களுக்குப் போக முடியாமற்போனவர்கள் எம்மில் பலர். மச்சான் அப்போது சிறுவன். அவருடைய அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதேபோல் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்ட பிறகு, எம்மைக் கண்டு அஞ்சியவர்களின் அச்சத்தையும் காரணமற்றது என்று சொல்ல முடியாது. அண்ணனும் மூன்று முஸ்லிம்களைத் தம் தோணியில் ஏற்றிக்கொண்டு தனியாக வரச் சம்மதித்திருந்தார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

மச்சானுக்கு நான் ஹிஜ்ரத் பயணத்தை நினைவூட்டினேன். மக்காவை விட்டுப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் ஒரு வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் பெயர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். பனூ தீல் கோத்திரத்தார். பாலைவன வழிகளைத் துல்லியமாக அறிந்தவர். அவர் முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். அப்படியிருந்தும் அவரை நம்பித் தங்கள் இரு ஒட்டகங்களையும் ஒப்படைத்தார்கள். மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வருமாறு கூறினார்கள். அவர்களைப் பிடித்துத் தருபவருக்கு ஆளுக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷிகள் அறிவித்திருந்த நேரம் அது. கூலியாக எவ்வளவு பெற்றிருந்தாலும் அந்தப் பரிசுக்கு முன் அது அற்பம். அவர் வாக்கு மாறவில்லை. சொன்ன நேரத்தில் வந்தார். கடற்கரையோர வழியாக அழைத்துச் சென்றார். இமாம் புஹாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியை ஹிஜ்ரத் வரலாற்றில் மட்டுமன்றி, இஜாரா பாடத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவரை அமர்த்தும்போது இரண்டைப் பார்க்க வேண்டும்: தொழிலில் திறமை, சொல்லில் நம்பகம். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண்ணும், ஸூரா கஸஸில், வலிமையையும் நம்பிக்கையையுமே காரணமாகக் கூறினார்.

மச்சான் மேற்கொண்டு பேசவில்லை. மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு நேராகத் துறைக்கு வந்தார்.

வாவியில் அண்ணன் அதிகம் பேசுபவர் அல்லர். கழியால் தோணியைக் கண்டல் மரங்களின் வேரோரமாக மெல்லச் செலுத்தி, ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க போடுங்க" என்பார். ஏன் என்று மருமகன் கேட்டால் மட்டும் விளக்குவார். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகி முகத்துவாரம் திறக்கும்போது கடல்நீரும் வாவிநீரும் கலக்கும். கொடுவா கடல்வாயை அண்டி முட்டையிடும். குஞ்சுகள் உவர் குறைந்த நீரைத் தேடிக் கண்டற் காட்டுக்குள் வந்து வளரும். அதன் வாழ்வில் இன்னொரு விந்தையும் உண்டு. அது பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்கள். இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடலிலிருந்து பசுமையான இறைச்சியை மனிதனுக்கு வசப்படுத்தியதாக அல்லாஹ் ஸூரா நஹ்லில் கூறுவது புதிய பொருளோடு மனத்தில் பதிந்தது.

இரைக்காக அண்ணன் உயிருள்ள இறால்களை ஒரு வாளியில் கொண்டு வந்திருந்தார். உயிரோடு ஒரு பிராணியைத் தூண்டிலில் குத்துவதை நம் அறிஞர்கள் பலர் வெறுத்திருக்கிறார்கள். இதை அவரிடம் தயங்காமல் சொன்னேன். "அதுக்கென்ன, செத்ததைப் போடுவம். பழக்கம் விட்டால் சரி" என்று உடனே மாற்றிக்கொண்டார். மருமகனுக்கு முதலில் பட்ட கொடுவா ஒரு சாணளவுதான் இருந்தது. படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் குதித்தான். அண்ணன் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, மீனை நீருக்குள் விட்டார். "இது இன்னும் வளரட்டும் மகன். தின்கிறதுக்குப் பிடி; விளையாடுறதுக்குப் பிடிக்காதே." உயிருள்ள ஒன்றை வேடிக்கைக்கான குறியாக ஆக்கக் கூடாது என்ற நபிமொழியை நான் வீட்டில் எத்தனையோ முறை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அவன் அதைக் கையால் கற்றுக்கொண்டான்.

நண்பகலுக்குள் சட்டிக்கு ஏற்ற இரண்டு கொடுவாக்களும் சில திலாப்பியாக்களும் கிடைத்தன. ளுஹர் நேரத்தை அண்ணனே நினைவூட்டினார். ஒரு மணல் திட்டில் தோணியை ஏற்றி, "உங்கட பள்ளி பார்க்கிற பக்கம் இதுதான்" என்று மேற்கிலிருந்து சற்று வடக்கே கையைக் காட்டினார். கடல்நீர் தூய்மைப்படுத்தக்கூடியது என்பது நபிமொழி. வாவியின் உவர்நீரும் அத்தகையதே. அதில் வுழூச் செய்தோம். ஊரிலிருந்து அதிக தூரம் செல்லாததால் சுருக்கித் தொழ இடமில்லை. நான்கு ரக்அத்துகளை நிறைவாகத் தொழுதோம். நாங்கள் தொழுது முடிக்கும்வரை அவர் தோணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீரில் நின்றார்.

ஒரு மணியளவில் கச்சான் காற்று வலுத்தது. வாவியின் நடுவே வெள்ளை அலைகள் எழுந்தன. அண்ணன் வானத்தையும் மருமகனையும் மாறிமாறிப் பார்த்தார். "போவம். பிள்ளை இருக்குது" என்றார். இரண்டு மணிக்குக் கரையில் இருந்தோம்.

பேசிய நேரத்தில் இரண்டு மணி குறைந்திருந்தது. மச்சான் பணத்தை எடுக்குமுன் அண்ணனே சொன்னார்: "ரெண்டு மணித்தியாலம் குறைஞ்சு போச்சு. 1,500ஐக் கழிச்சிட்டுத் தாங்க."

இங்கே சட்டமும் அழகும் பிரிகின்றன. நேரத்துக்காக அமர்த்தப்பட்டவர் வேலையை முன்னதாக முடித்தால் அந்த அளவுக்குக் கூலியைக் குறைக்க இடமுண்டு. கழித்துக்கொண்டிருந்தால் மச்சான் அநியாயம் செய்தவராகமாட்டார். ஆனால் காற்றை வாசிக்கும் அறிவுக்காகவும்தானே அவரை அமர்த்தினோம்? காசை எண்ணாமல் பிள்ளையை எண்ணித் திரும்பிய ஒருவரிடம் அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிப்பது எப்படி? ஒருவருக்கொருவர் உபகாரம் செய்வதை மறக்க வேண்டாம் என்று அல்லாஹ் ஸூரா பகராவில் கூறுவது மணவிலக்குப் பற்றிய இடத்தில்தான். கணக்குத் தீர்க்கும் கசப்பான நேரத்திலேயே அதை மறக்கக் கூடாது என்றால், மற்ற நேரங்களைச் சொல்ல வேண்டுமா?

நான் எதுவும் சொல்லவில்லை. மச்சான் 8,000 ரூபாயையும் எண்ணி அவர் கையில் வைத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டு, மீதமிருந்த இறாலை ஒரு பையில் இட்டு மருமகனிடம் நீட்டினார். "இது காசுக்கு இல்லை. வீட்ட கொண்டு போ."

"சொந்தத் தோணி வைத்திருக்கிறார், வசதியான ஆள்தான்" என்று மீனவர்களைப் பற்றி நம்மில் சிலர் பேசுவதுண்டு. ஸூரா கஹ்ஃபில் ஹிள்ர் (அலை) அவர்கள் ஓட்டையிட்ட மரக்கலம் கடலில் உழைக்கும் மிஸ்கீன்களுக்குச் சொந்தமானது என்று அல்லாஹ் குறிப்பிடுகிறான். மரக்கலம் இருந்தும் அவர்கள் மிஸ்கீன்கள். இதை வைத்தே, மிஸ்கீன் என்பவர் ஏதோ ஒன்றை உடையவர், ஆனால் அது அவருக்குப் போதாது என்று ஷாஃபிஈ மத்ஹப் விளக்கம் தருகிறது. தோணியைப் பார்த்துக் கூலியில் பேரம் பேசுமுன் இந்த வசனத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அன்பர்களே! தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை நாம் மேடைகளில் கேட்கிறோம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியையும் அறிவோம். அந்தத் தொழிலாளி நம்மவரா பிறரா என்று அங்கே பிரிக்கப்படவில்லை. எங்கள் மாவட்டத்தில் இரு சமூகங்களும் மீண்டும் ஒன்றையொன்று நம்புவதற்குப் பெரிய மாநாடுகள் வேண்டியிருக்கலாம். ஆனால் முன்கூட்டிப் பேசிய கூலியும், சொன்ன நேரத்தில் கொடுக்கப்பட்ட காசும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீரில் நின்ற ஒருவரின் பொறுமையும் அந்த வேலையை ஒவ்வொரு நாளும் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. நம் பங்கை நாம் குறைவின்றிச் செய்வோம்.

நம் கொடுக்கல் வாங்கல்களை அல்லாஹ் தூய்மையாக்குவானாக. நம் கைகளில் பிறருடைய உழைப்பின் கடன் தங்காமல் காப்பானாக. ஆமீன்.