முகத்திரை எரிந்த பிறகு

சோவியத் புரட்சியின் கதைகளைக் கேட்டுத்தான் எங்களில் பலர் இயக்கத்துக்கு வந்தோம். அதனால் உஸ்பெகிஸ்தானின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு உறுத்தியது.

தாஷ்கண்ட் 1865 முதல் ஜார் ஆட்சியின் பிடியில் இருந்த ஊர். 1917இல் அங்கே அமைந்த சோவியத் ஆட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் குடியேறிய ரஷ்யர்கள். மண்ணின் முஸ்லிம்களிடம் பாட்டாளி வர்க்க அமைப்பு இல்லை என்று சொல்லி, உயர்பொறுப்புகளில் அவர்களுக்கு இடம் மறுத்தார்கள். கோகந்தில் முஸ்லிம்கள் அமைத்த தன்னாட்சி அரசை 1918 பிப்ரவரியில் நசுக்கினார்கள். மாஸ்கோ இதைத் திருத்தப் பார்த்தது. பிரசார ரயில்கள் ஓடின, உள்ளூர் மொழிகளில் பத்திரிகைகள் வந்தன, 1924இல் உஸ்பெக் குடியரசு உருவானது.

1927 மார்ச் 8. ‘ஹுஜூம்’, அதாவது தாக்குதல், என்ற இயக்கம் தொடங்கியது. சதுக்கங்களில் மேடை, இசை, உரை. பெண்கள் பரஞ்சா என்னும் முழு அங்கியையும் முகத்திரையையும் கழற்றி நெருப்பில் போட்டார்கள். எத்தனை பேர் கழற்றினார்கள் என்று கட்சி கணக்கு எழுதியது. கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்கள் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 2,000 பெண்கள் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நடனக் கலைஞர் நூர்கோனை 1929இல் சொந்த அண்ணனே கொன்றான். பலர் உயிருக்குப் பயந்து மீண்டும் திரை அணிந்தார்கள். தங்கள் மனைவியரைத் திரைக்குள்ளேயே வைத்திருந்த கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

திரை நீடித்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பெண்கல்விக்காக உஸ்பெக் சீர்திருத்தவாதிகள் புரட்சிக்கு முன்பே பேசியவர்கள். விரும்பித் திரையைக் கழற்றிய பெண்களும் உண்டு. கொன்றவர்களின் குற்றமும் இதனால் குறையாது. ஆனால் புதிய அரசுக்கு அந்தப் பெண்ணின் முகம் தன் வெற்றிக்குச் சாட்சியாகத் தேவைப்பட்டது. அவள் உயிருக்குக் காவல் போடுவதில் அதே வேகம் இல்லை.

அதே மார்ச் 20ஆம் நாள் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிய நம் மக்களும் அடிபட்டார்கள். அப்போது அம்பேத்கர் அதே ஊரில் அவர்களோடு இருந்தார்.

நாங்கள்? போராட்டம் முடிந்து கடைசிப் பேருந்தில் திரும்பியிருக்கிறோம். மறுநாள் கூலிவேலை மறுக்கப்பட்டது சேரியில் இருந்தவர்களுக்கு. இனி ஒரு ஊருக்குள் போகும்முன் எங்களையே ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: அன்றிரவு அங்கே தங்கப்போவது யார்?