தடா நிலையமும் ஒரு தையல் இயந்திரமும்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் எதை உடன் கொண்டு செல்கின்றன, எதை விட்டுச் செல்கின்றன என்பதை எவரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. கட்டிலை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, ஆட்டுக்கல்லைக் கொல்லையில் கிடத்தி, பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகர். நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிவதால், "உங்கள் இரயிலில் இதையெல்லாம் அனுப்ப இயலாதா?" என்று பலரும் நம்மைக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு ஸ்ரீ சிட்டிக்குச் சென்று வந்த ஒரு பயணத்தில் நமக்குக் கிடைத்த விடையை ஈண்டு வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில், காலையில் சூளூர்ப்பேட்டை செல்லும் புறநகர் வண்டியில் ஏறினோம். கும்மிடிப்பூண்டி வரை ஆலைத் தொழிலாளரின் கூட்டம். எளாவூர், ஆரம்பாக்கம் கடந்ததும் மாநில எல்லை. அடுத்த நிலையம் தடா. பெயர்ப் பலகையில் தெலுங்கு எழுத்து. நடைமேடையிலோ தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. கிழக்கே சிறிது தொலைவில் பழவேற்காடு ஏரி. மேற்கே சத்தியவேட்டை நோக்கிச் செல்லும் சாலை. அச்சாலையை அடுத்தே ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் பரந்து கிடக்கிறது.

இவ்வட்டாரத்தில் தமிழ் வந்தேறிய மொழியன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது, திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அதற்கு மாற்றாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் பல ஆந்திரத்தைச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டே சத்தியவேடு தாலுகா அமைந்தது. அக்காலம் கோடு இடம் மாறியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். இக்காலமோ கோடு நிற்கிறது. மக்கள் இடம் மாறுகின்றனர். 2008 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட ஸ்ரீ சிட்டியில் இன்று வாகனமும், குளிர்சாதனமும், சாக்லேட்டும் உற்பத்தியாகின்றன. 2022இல் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபின் இந்நகரம் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள ஆலைகளை நம்பி நம் பக்கத்துக் குடும்பங்களும் வந்து குடியேறியுள்ளன.

அத்தகைய குடும்பங்களில் ஒன்று நம் ஒன்றுவிட்ட தமக்கையினுடையது. மதுரை செல்லூரில் வசித்து வந்தவர்கள். அத்தானுக்கு இங்கே ஓர் ஆலையில் வேலை கிடைக்கவே, இரு பிள்ளைகளுடன் பேருந்தில் புறப்பட்டு வந்துவிட்டார்கள். வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்று கேட்ட கூலி, அத்தானின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் அளவினது. ஆகவே சாமான்களில் பாதியை விற்றார்கள். தமக்கையின் கால்மிதித் தையல் இயந்திரத்தை மட்டும் விற்க மனம் வராமல் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

நாம் சென்ற அன்று தமக்கை ஒரு பாத்திரத்தில் சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு இவ்வாறு கேட்டார்: "தம்பி, மதுரையில் இருந்தபோது இரவிக்கை தைத்தே பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொண்டேன். இங்கே வந்தபின் சும்மா இருக்கிறேன். நீ இரயிலில்தானே வேலை பார்க்கிறாய்? அந்த மிஷினை மட்டும் கொண்டுவர ஒரு வழி சொல்லேன்."

நாம் உடனே விடை சொல்லவில்லை. விதி நமக்குத் தெரியும். வழி தெரிந்திருக்கவில்லை.

விதியைச் சற்று விளக்குவோம். படுக்கை வகுப்பில் செல்லும் பயணி ஒருவர் 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் செல்பவர் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். ஆயினும் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் ஆகிய அளவுகளை மீறும் பெட்டியைப் பயணிகள் பெட்டியில் ஏற்றலாகாது. அது பிரேக் வேனில் செல்ல வேண்டியது. பயணம் செய்யாதவரும் தம் பொருளைப் பார்சலாகப் பதிவு செய்யலாம். பயணிகள் வண்டியிலோ பார்சல் வண்டியிலோ ஏற்றுவதற்கு ஒப்படைக்கப்படும் பொருளே பார்சல் என்று 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் கூறுகிறது. எனவே தனி மனிதரின் சிறு சாமானை இரயில் ஏற்காது என்று எண்ணுவது தவறு. ஏற்கும். எங்கே கொண்டு சேர்க்கும் என்பதுதான் கேள்வி.

மதுரை வழியாக வரும் திருக்குறள் விரைவு வண்டி எழும்பூரைக் கடந்து, இதே தடா வழியாகத்தான் வடக்கே விரைகிறது. தமக்கையின் இயந்திரம் அவ்வண்டியில் ஏறினால், அவர் வீட்டிற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஓடிவிடும். ஆனால் அவ்வண்டி தடாவில் நிற்பதில்லை. விரைவு வண்டிகள் பலவும் சிறு நிலையங்களில் நிற்பதில்லை; நிற்கும் சிலவும் ஓரிரு நிமிடமே நிற்கின்றன. அதற்குள் பிரேக் வேனைத் திறந்து, பொதியைத் தேடி, இறக்கி, கையொப்பமிட்டு முடிப்பது எளிதன்று.

நிற்க. முன்னொரு காலத்தில் இந்நிலை இல்லை. சரக்கு வண்டியில் ஒரு வாகனைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறை இருந்தது. ஒருவரின் நெல் மூட்டை, மற்றொருவரின் மரக்கட்டில், வேறொருவரின் பாத்திரப் பெட்டி யாவும் ஒரே வாகனில் ஏறும். சந்திப்பு நிலையங்களில் இறக்கி, வேறு வாகனில் மாற்றுவார்கள். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் கூடும் இடங்களில் மீண்டும் ஓர் இறக்கம், மீண்டும் ஓர் ஏற்றம். நாள் பல கழிந்தன. பொருள் உடைந்தது, காணாமலும் போயிற்று. இரயில்வே அச்சிறு சரக்கு முறையை 1980களில் படிப்படியாகக் கைவிட்டு, நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்டு என முழு வண்டிச் சரக்கின் பக்கம் சென்றது. இதை நாம் குறைகூறவில்லை. நாற்பது கிலோ பொதிக்கும் நாற்பது டன் சரக்கிற்கும் எழுத்தர் எழுதும் எழுத்து ஏறக்குறைய ஒன்றே. வரும் கூலியோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அங்ஙனமாயின் சிறு சாமான்களை லாரிக்காரர்களிடமே விட்டுவிடலாமே என்பார் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. லாரி வாசலுக்கு வரும், இரயில் வாராது. ஜப்பானில் யமாட்டோ என்னும் நிறுவனம் 1976இல் வீடு தேடிவரும் பொதிச் சேவையைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அந்நாட்டு இரயில்வே தன் சிறு பொதிப் பணியை மூடிக்கொண்டது. நிலையத்தோடு நின்றுவிடும் சேவை, வாசல்வரை வரும் சேவையிடம் தோற்றது.

ஆனால் இங்கிலாந்தில் 1883இல் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு அங்கே அஞ்சல் பார்சல் முறை தொடங்கியபோது, நெடுந்தூரம் சுமப்பது இரயிலின் பணி. வாசலில் கொடுப்பது தபால்காரரின் பணி என்று வகுத்தார்கள். இரயிலில் சென்ற பார்சல்களின் வருமானத்தில் 55 விழுக்காடு இரயில் கம்பெனிகளுக்குச் சென்றது. ஒருவர் செய்ய இயலாததை இருவர் கூடிச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு வித்து விழுந்துள்ளது. 2022 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அஞ்சல் துறையும் இரயில்வேயும் இணைந்து பொதிகளை ஏற்றிச் செல்லும் திட்டம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு மார்ச் இறுதியில் சூரத்திலிருந்து வாரணாசிக்கு முதற் சேவை தொடங்கியது. அதற்கு முன்பே, 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது, ஸ்ரீ சிட்டிக்கு அணித்தான ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்குப் பால் வண்டிகள் ஓடின. அதே ஆண்டு ஜூலையில் குண்டூர் மாவட்டத்து ரெட்டிப்பாலத்திலிருந்து வங்க தேசத்துக்கு மிளகாய் வற்றல் பார்சல் வண்டியில் சென்றது. சரக்கு வண்டியாயின் ஒரு முறைக்கு 1500 டன்னுக்கு மேல் திரட்ட வேண்டியிருந்தது. சிறு விவசாயிகளால் அது இயலாது. ஆகவே 500 டன்னுக்குள் ஏற்றும் பார்சல் வண்டியை விட்டார்கள். வேண்டும் என்று எண்ணினால், பெரிய இரயிலும் சிறியவருக்காகக் குனியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, தமக்கையின் இயந்திரத்திற்கு வருவோம். மதுரையில் உள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு, இயந்திரத்தின் தலையைத் தனியே கழற்றி, வைக்கோலும் சாக்கும் சுற்றி, மரச்சட்டம் அடித்து, எழும்பூருக்குப் பார்சல் பதிவு செய்தோம். ரசீதுடன் நாமே விடுப்பு எடுத்துச் சென்று பெற்றுக்கொண்டோம். பழுதில்லை. அங்கிருந்து சத்தியவேட்டுக்குக் குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். மதுரையிலிருந்து எழும்பூர்வரை, ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவிற்கு இரயில் வாங்கிய கட்டணத்தைப் போலப் பன்மடங்கை, எஞ்சிய எழுபது கிலோமீட்டர் அளவிற்கு அவ்வண்டி வாங்கியது. ஓட்டுநர் மீது குற்றமில்லை. ஒற்றை இயந்திரத்திற்காக வண்டி முழுவதையும் ஓட்டி வந்தவர் அவர்.

வழியில் வேறொரு காட்சி கண்டோம். ஸ்ரீ சிட்டியில் உள்ள ஆல்ஸ்டாம் ஆலையில்தான் சென்னை மெட்ரோவின் பெட்டிகள் உருவாகின்றன. மெட்ரோவின் பாதை அளவு வேறு என்பதால், அப்பெட்டிகள் நெடிய டிரெய்லர் லாரிகளில் சாலை வழியாகவே சென்னைக்குச் செல்கின்றன. அத்தகைய லாரி ஒன்று எதிரே வந்தது. இரயில் பெட்டிக்கே சாலை துணை வேண்டியிருக்கும்போது, ஒரு தையல் இயந்திரத்திற்கு வேண்டாமா? இரயிலும் சாலையும் பகைவர் அல்லர். ஒன்றின் முடிவில் மற்றொன்று தொடங்க வேண்டும். அவ்வளவே.

ஆகவே நம் முடிவு இது: இரயில்வே தனி மனிதரின் வீட்டுச் சாமான்களைச் சுமக்க வேண்டும், ஆனால் பழைய முறையில் அன்று. ஒவ்வொரு சிறு நிலையத்திலும் இறக்க வேண்டியதில்லை. கூடூர், ரேணிகுண்டா, எழும்பூர் போன்ற பெருநிலையங்களில் இறக்கி, அங்கிருந்து அஞ்சல் துறையின் வண்டி பத்துக் குடும்பங்களின் பொதிகளைச் சேர்த்து எடுத்துச் சென்றால், பத்துக் குட்டியானைகளின் கூலி ஒன்றாகக் குறையும். வணிகர்களுக்குக் குத்தகை விடும் பிரேக் வேன் இடத்தில் ஒரு மூலையேனும் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

இரயில்வே தன் கடமையைச் செய்யும்வரை, நம் கடமையை நாம் செய்வோம். பொதியின் இரு புறமும் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். உள்ளேயும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விலையுயர்ந்த பொருளாயின் மதிப்பைக் கூறிப் பதிவு செய்யுங்கள். கூறாவிடின் இழப்பீடு எடைக்கணக்கில் சுருங்கிவிடும். மண்ணெண்ணெய், தீப்பெட்டி, எரிவாயு உருளை ஆகியவற்றை ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள். பொருள் வராவிடில், ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புங்கள். இவற்றை அறியாமல் உரிமையை இழந்தவர்களை நம் மேசைக்கு எதிரிலேயே கண்டிருக்கிறோம்.

அன்று மாலை தமக்கை இயந்திரத்தின் சக்கரத்திற்கு எண்ணெய் விட்டு, மிதித்துப் பார்த்தார். ஓசை கேட்டு அடுத்த வீட்டுத் தெலுங்குப் பெண்மணி எட்டிப் பார்த்து, பாவாடைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அளவெடுப்பதற்கு இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் தேவைப்படவில்லை. நாம் தடாவிலிருந்து இரவு வண்டி பிடித்துத் திரும்பினோம். இரயிலில் வேலை பார்க்கும் தம்பி என்று தமக்கை நம்மை அறிமுகம் செய்தபோது, நெடுநாளைக்குப் பின் அப்பெயருக்கு நாம் வெட்கப்படவில்லை.