ஆடு கடிக்காத செடி

விரிந்த அரளிக்கு மார்க்கெட்டில் விலை இல்லை. அதனால் பனமரத்துப்பட்டியில் அரளி பறிக்கிறவர்களுக்கு இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு ஏரி வரும். ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரி அது. அதன் பெரும்பகுதியில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. அதைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனபோது ஜருகுமலை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. செடிகளுக்கு நடுவே ஏழெட்டு நெற்றி விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. பேச்சுச் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை.

நான் பார்க்க வந்தவை இரண்டு இடங்கள். ஒன்று இந்தத் தோட்டம். மற்றது, இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் நடுத்திட்டு. இரண்டிலும் அரளிதான். இங்கே பூவுக்காக வளர்க்கிறார்கள், அங்கே இலைக்காக வளர்க்கிறார்கள். எங்கே வெட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில்தான் ஒரே செடி இரண்டு செடியாகிறது.

பறிப்பு பார்ப்பதற்குச் சுலபமாக இருக்கிறது. இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறித்துப் போடுகிறார்கள். ஆனால் ஒரு கொத்தில் இருக்கும் மொக்குகள் ஒரே நாளில் முதிர்வதில்லை. திருகலாகச் சுருண்ட மொக்குகளில் இன்று விரியப்போவது சற்றே ஊதி, திருகல் தளர்ந்து இருக்கும். நாளைக்கு உரியது அதன் பக்கத்திலேயே இறுக்கமாக நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. “கண்ணுல பாக்கக் கூடாது தம்பி, வெரல்ல பாக்கோணும்” என்றார் முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா. “நாளைப் பூவ இன்னைக்கே பறிச்சா எடை நிக்காது. இன்னைக்குப் பூவ விட்டுட்டா நாளைக்குக் குப்பை.”

கூலி கிலோ கணக்கில். மொக்கோ கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. மடி நிறைந்து பையில் கொட்டும்போது பார்த்தால் ஏதோ பெரிதாகச் சேர்ந்ததுபோல இருக்கும், தராசில் வைத்தால் முள் சோம்பலாக நகரும். பெருக்கிக் காட்ட வேண்டும் என்று கொத்தோடு கிள்ளினால் நாளை மறுநாளுக்கான பிஞ்சு மொக்குகளும் சேர்ந்து போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், ஒரு வாரத்தில் திருத்திவிடுவார்களாம்.

வெளிச்சம் வந்ததும் தோட்டக்காரர் வந்தார். நிலக்கடலை, மரவள்ளி எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு அரளிக்கு மாறியவர். குச்சி வெட்டி நட்டால் நாலு மாதத்தில் பூ எட்டிப் பார்க்கும், அப்புறம் வருஷம் முழுக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும், பங்குனி முடிந்து ஆவணி வரைக்கும் நல்ல காய்ப்பு என்றார். பூவுக்குக் ‘காய்ப்பு’ என்றுதான் சொன்னார். “தண்ணி கம்மியானாலும் நிக்கும். ஆடு மாடு கடிக்காது. வேலிச் செலவே இல்லீங்க.”

வேலி இலைக்குள்ளேயே இருக்கிறது. அரளியின் வேர், தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் போன்ற நச்சுகள் உண்டு. அவை நேராக இதயத் துடிப்பைத் தாக்குபவை. இலை காய்ந்து சருகானாலும் நஞ்சு போவதில்லை. 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளியை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபின், திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. அரளி விதையால் இறந்ததாகச் செய்திகளில் நாம் படிக்கும் விதை பெரும்பாலும் மஞ்சள் அரளியுடையது. அது வேறு இனம், நஞ்சின் வகை மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. தோட்டக்காரர் இந்த விவரத்துக்குள்ளெல்லாம் போகவில்லை. வெட்டிய குச்சியை வீட்டு அடுப்புக்கு எடுத்துப்போக விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். எரித்தால் புகையும் கெடுதல்தான்.

கவாத்து விஷயத்தில் அவர் கணக்கு நுட்பமானது. அரளியில் பூக்கொத்து வருவது புதுத் துளிரின் நுனியில்தான். ஆகவே பழைய கிளையை வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும், பூ கைக்கு எட்டாத உச்சியில் நிற்கும். வெட்டினால் கொஞ்ச நாளைக்கு வரவு நிற்கும். அதனால் மொத்தத் தோட்டத்தையும் ஒரே சமயத்தில் வெட்டாமல் வரிசை மாற்றி வெட்டுகிறார். ஆயுத பூஜைக்குக் கொத்து இறங்க வேண்டிய வரிசைகளுக்கு ஆடியிலேயே கத்தி போட்டுவிடுகிறார். அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளை ஈவிரக்கமில்லாமல் பிடுங்கிவிடுகிறார். சத்தைத் தின்னும், பறிக்கிறவர் காலை மறிக்கும்.

மூட்டைகள் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போகின்றன. அங்கே அரளி மல்லிகை மாதிரி மரியாதை பெறுவதில்லை. வாசனை கிடையாது, தலையில் வைப்பவர் கிடையாது. முழுக்க முழுக்கச் சாமிக்கும் வண்டிக்கும் போகும் பூ. முருகனுக்கு உகந்தது என்பதில் புதுமை இல்லை, திருமுருகாற்றுப்படையிலேயே அவன் வழிபாட்டில் கணவீர மாலை தொங்குகிறது, அதைச் செவ்வரளி என்றே உரைகாரர்கள் கொள்கிறார்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் விலை பல மடங்கு ஏறும். மறுவாரம் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. அப்போதும் பறித்தாக வேண்டும். விரிந்த பூ கொத்திலேயே வாடி அழுகினால் அடுத்த மொக்குகளும் சேர்ந்து கெடும். விற்காது என்று தெரிந்தே விடிகாலை எழுந்து பறிக்கிற வேலை வேறு எந்தப் பயிரில் இத்தனை வாடிக்கையோ தெரியவில்லை.

வெயில் ஏறியபின் நெடுஞ்சாலைக்கு வந்தேன். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் அந்தச் சாலையில் இங்கே அரளி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலைத் திட்டச் செலவில் ஒரு சதவீதத்தை மரம் செடிக்கென்று ஒதுக்கச் சொன்னது. அந்த ஒரு சதவீதத்தின் கடைசிக் கண்ணியில் நின்றுகொண்டிருந்தவர்கள் ஐந்து பெண்கள், ஒரு தண்ணீர் லாரி டிரைவர், ஒரு சூப்பர்வைசர் தம்பி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதற்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் துண்டு.

அவர்கள் எனக்கு முதலில் சொன்னது செடியைப் பற்றி அல்ல. “வண்டி வர்ற பக்கம் முதுகு காட்டாதீங்க.” சரக்கு லாரி ஒன்று கடந்தபோது காரணம் புரிந்தது. அது போன பிறகு வரும் காற்று ஆளைத் தள்ளிவிடுகிறது. எதிர்பார்த்து நின்றால் கால் ஊன்றலாம்.

எதிரே வரும் வண்டியின் விளக்கு இரவில் கண்ணைக் குத்தாமல் மறைப்பதுதான் இந்த அரளிக்குக் கொடுத்த வேலை. அதற்கு அடியிலிருந்து உச்சி வரை இலை அடைத்து நிற்க வேண்டும். தோட்டக்காரர் பிடுங்கி எறியும் பக்கக்கன்றை இந்தப் பெண்கள் பத்திரமாக விடுகிறார்கள், அடிப்பகுதியை மூடுவது அதுதான். இலைகள் மூன்று மூன்றாகக் கூடும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து மூன்று கிளை கிளம்பும் என்று ஒருவர் காட்டினார். கீழே தெரிந்த போன தடவை வெட்டின் அடையாளத்தில் அப்படியே மூன்று நின்றன. முதலில் வெட்டுவது சாலைப் பக்கம் சாயும் கிளைகளை. அப்புறம் உச்சி. திரும்புவதற்கு விட்டிருக்கும் கேப் நெருங்க நெருங்க உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். “இங்க ஒசரமா விட்டா, திரும்புற வண்டிக்காரனுக்கு எதுக்க வர்றது தெரியாது. வெட்டாம விட்டா பழி எங்க மேலதான்.” தினமும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற நாம் அந்தச் சரிவை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உச்சியை வெட்டும்போது பூக்கொத்தும் போய்விடுகிறது. அதில் அவர்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் மட்டும் “பூவோட விடுங்க” என்று உத்தரவு வருமாம். சாமிக்கு எடுத்துப் போவதுண்டா என்று கேட்டேன். ஐவரும் சிரித்தார்கள். “டீசல் குடிச்ச பூவு. கார நிறுத்திப் பறிச்சிட்டுப் போறவங்க இருக்காங்க, நாங்க எடுக்கமாட்டோம்.”

அரளி இந்த இடத்தில் பிழைப்பதற்கு நஞ்சு மட்டும் காரணமல்ல. இலையின் அடிப்பக்கத்தில் மூச்சுத்துளைகள் சின்னக் குழிகளுக்குள், ரோமங்கள் மூடிய நிலையில் ஒளிந்திருக்கின்றன. சூடான காற்று நேராக ஈரத்தை உறிஞ்ச முடியாது. காட்டில் இது வறண்ட ஓடைப் படுகைகளில் வளர்கிற செடி, வெள்ளமும் வறட்சியும் மாறி மாறிப் பார்த்தது. ஆனாலும் நட்ட முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் லாரி தவறாமல் வந்தால்தான் வேர் கீழே இறங்கும். பிறகு தண்ணீர் விடுவதில் பாதி, இலையில் படிந்த புகைக்கரியைக் கழுவத்தான் என்றார் டிரைவர்.

ஒருவர் கத்தரியை நிறுத்தி ஓர் இலையைத் திருப்பினார். அடியில் வெள்ளிக் குண்டுமணி மாதிரி பளபளவென்று ஒன்று தொங்கியது. கருப்பு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. வெண்புள்ளிக் கருப்பன் என்கிறோமே, அது. இதன் புழு அரளி இலையைத் தின்று வளரும். அந்தக் கிளையை வெட்டாமல் தாண்டிப் போனார். துளிர் நுனியில் மொய்க்கும் மஞ்சள் அசுவினிக்கு அந்தச் சலுகை இல்லை, கையாலேயே நசுக்கிவிட்டார்.

மொட்டை மாடியில் அரளி வைக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு இடத்திலும் பாதி பாதி கற்கலாம். பென்சில் பருமன் குச்சி போதும், தண்ணீர்ப் புட்டியிலேயே வேர் விடும். நாள் முழுக்க வெயில் விழ வேண்டும், மண் காய்ந்தபின் தண்ணீர். பூ வரவில்லை என்று உரத்தைக் கொட்டினால் இலைதான் கொழுக்கும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிடலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் செம்பருத்தியோ இட்லிப்பூவோ வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒத்துவராத ஒன்றும் இருக்கிறது. இத்தனை கிலோமீட்டருக்குச் செடி நட இடம் ஒதுக்கியவர்கள், அதை வளர்ப்பவர்கள் ஒதுங்க ஓரிடம் யோசிக்கவில்லை. நிழலுக்கு மேம்பாலத்தடி, கழிப்பறைக்கு டோல்கேட் வரை நடை, அல்லது லாரி அந்தப் பக்கம் போகும்வரை காத்திருப்பு. பிழைத்த செடிகளுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். காலையில் நான்கு பெண்கள் வந்தார்களா ஐவர் வந்தார்களா என்பதும் அதே நோட்டில்தான் இருக்கிறது, கூலிக்காக.

கையுறை கொடுத்திருக்கிறார்கள். தடிமனானது. போட்டால் கத்தரி பிடிபடாது என்று விரல் நுனிகளை அறுத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், ஆகவே பிசுபிசுப்பு சரியாக விரலில்தான் ஒட்டுகிறது. வெட்டிய கிளைகளை டிராக்டரில் ஏற்றி முடித்ததும் சாப்பாட்டு நேரம். தண்ணீர் லாரியின் குழாயில் ஒரு கயிற்றில் சோப்புத் துண்டு கட்டியிருந்தது. மூத்தவர் கழுவிவிட்டு ஓரமாக நின்றார். வேலைக்கு வந்து கொஞ்ச நாளே ஆன பெண் அவசரமாக நனைத்துக்கொண்டு தூக்குப்போசியைத் திறக்கப் போக, கையைப் பிடித்து நிறுத்தி விரலை முகர்ந்து பார்த்தார்.

“இன்னொருக்கா கழுவு கண்ணு. முழங்கை வரைக்கும்.”